ஊர் மக்களிடம் தனி நேர்காணல் எடுக்கத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது எப்படி: மேலூர்ப் பக்கத்து அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தின் ஐந்து ஊர்களில் கண்மாய், ஊருணி, குடிதண்ணீர் ஆகியவை பற்றி 60 பேரிடம் தனித்தனியே நேர்காணல் எடுப்பதற்காகச் சென்ற ஆண்டு 14 தன்னார்வலர்களைத் திரட்டினோம். கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர், மகளிர் குழுவைச் சேர்ந்தவர்கள் நான்கு பேர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு எடுத்து, வினாத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். முதல் இரண்டு வாரங்களில் வந்த 22 பதிவுகளில் ஒன்பது எதற்கும் பயன்படவில்லை. சிலவற்றில் மின்விசிறியின் இரைச்சல் மட்டுமே கேட்டது. சிலவற்றில் பதில் சொல்பவரைவிடக் கேள்வி கேட்பவரே அதிகம் பேசியிருந்தார்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நடந்தது. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தில் நடந்த குளறுபடியைப் பற்றி ஒரு பெண் மனம்விட்டுப் பேசிய பதிவை, எங்கள் தன்னார்வலர் ஒருவர் ‘நன்றாக வந்திருக்கிறது’ என்ற மகிழ்ச்சியில் தன் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டார். இரண்டே நாளில் அந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்தி, “என்னமோ மைக்குல பேசினியாமே?” என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், பதிவை அழித்தோம், களப்பணியை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினோம். அந்த இரண்டாம் முறைப் பயிற்சியில் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசகர் வட்டமோ, நாட்டு நலப்பணித் திட்ட அணியோ, மகளிர் குழுவோ, நீங்கள் யாராக இருந்தாலும் முதன்முறையாக இப்பணியில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

1. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

மதுரைப் பக்கம் நேர்காணலுக்கு எல்லா மாதமும் ஒத்துவராது. தைப் பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாட்களில் சல்லிக்கட்டு நடக்கும். அந்த வாரத்தில் யாரும் உங்களுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் பத்து நாட்கள் அப்படித்தான். பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பகுதி, அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பகுதி என்பதால், நீங்கள் போகும் ஊர் எதில் சேர்ந்தது என்று முதலில் கேட்டறியுங்கள். ஒருபோகப் பகுதிக்குப் பொதுவாகச் செப்டம்பரில் தண்ணீர் திறப்பார்கள். அணையின் இருப்பைப் பொறுத்து நாள் முன்பின் ஆகும். தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால், நடவு என்று ஊரே வயலில் இருக்கும். மாணவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் ஏப்ரலிலும் நவம்பரிலும் பருவத் தேர்வுகள் வரும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், அறுவடை முடிந்த பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரையிலும், ஜூன் நடு முதல் ஆகஸ்ட் வரையிலும் எங்கள் ஊர்களுக்கு ஒத்துவந்தன. தேர்தல் அறிவிப்பு வெளியான பிறகு எந்த ஊருக்கும் போகாதீர்கள். எந்தக் கட்சி ஆள் என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். மல்லிகை பறிப்பவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. உங்களால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகக் கூடாது. இரவு ஏழு மணிக்கு மேல் தொலைக்காட்சித் தொடர் ஓடும். பிற்பகல் 2 மணி முதல் 4.30 மணி வரை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் பேசி முடிப்பது நல்லது.

முழுப் பணிக்கும் எங்களுக்கு ஆன காலம்: அனுமதிக்கும் தாள்களுக்கும் மூன்று வாரம், பயிற்சிக்கு மூன்று வாரம், நேர்காணலுக்கு ஆறு வாரம், எழுத்தாக்கத்துக்கு, அதாவது பதிவைக் கேட்டு எழுதுவதற்கு, எட்டு வாரம். எழுத்தாக்கத்துக்கு இரண்டு வாரம் போதும் என்றுதான் முதலில் திட்டமிட்டிருந்தோம்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

களத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு தன்னார்வலரிடமும் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும்.

- படம் ஒட்டிய அடையாள அட்டை. பெயர், குழுவின் பெயர், பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவை பெரிய எழுத்தில் தமிழில் இருக்க வேண்டும்.
- ஊராட்சித் தலைவருக்கு எழுதிய அறிமுகக் கடிதத்தின் நகல், அவர் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன். அதே கடிதத்தின் ஒரு படி உள்ளூர்க் காவல் நிலையத்திலும் இருக்கட்டும்.
- ஒரு பக்கத் தகவல் தாள். யார் நாங்கள், எதற்காகக் கேட்கிறோம், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், வேண்டாமென்றால் எப்படிச் சொல்வது என்பவை அதில் இருக்க வேண்டும்.
- ஒப்புதல் படிவம், வினா நிரல், களக் குறிப்பேடு.
- தன்னார்வலர் கையெழுத்திட்ட இரகசியக் காப்பு உறுதிமொழியின் நகல்.

காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுப்பது வீண் அலைச்சல் என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் தமிழ்நாட்டில் வெளியூர்க்காரர்கள் அடித்துக் கொல்லப்பட்டதை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தெருவில் நின்று பெயரும் வயதும் விசாரிக்கும் அறிமுகமற்ற இளைஞர் எவரையும் ஊர் ஐயத்தோடுதான் பார்க்கும். அந்த ஐயத்துக்கு நாம்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

கல்லூரியின் பெயரில் செய்வதாக இருந்தால், நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவையா என்று துறையில் முதல் வாரமே கேளுங்கள். நோய், மகப்பேறு, மனநலம் போன்றவற்றைத் தொடுவதாக இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்களின்படி அந்த ஒப்புதல் இல்லாமல் தொடங்கவே கூடாது. குழு கூடும் நாளுக்காகக் காத்திருப்பதிலேயே ஒரு மாதம் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள்: ஆதார் எண்ணையோ குடும்ப அட்டை எண்ணையோ எழுதும் கட்டம் உள்ள எந்தப் படிவமும் வேண்டாம். அந்தக் கட்டத்தைப் பார்த்த உடனே, ஏதோ உதவித்தொகைக்கு எழுத வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிடுவார்கள். எங்கள் தொடக்க நேர்காணல்களில் பாதிக்கு மேல், “ஆயிர ரூவா எனக்கு மட்டும் ஏன் வரலை?” என்ற கேள்வியோடுதான் தொடங்கின. மகளிர் உரிமைத் தொகை கிடைக்காத ஒரு பெண் நம்மை அரசு ஆள் என்று நம்பித் தன் வறுமையைக் கூட்டிச் சொன்னால் அது அவருடைய பிழையாகாது. நாம் தெளிவாகச் சொல்லத் தவறியிருக்கிறோம்.

3. யாரை எந்த ஊருக்கு அனுப்புவது

நன்றாகப் பேசுகிறவர்களைத் தேடிச் சேர்க்காதீர்கள். மேடைப் பேச்சுப் பழகியவர்களுக்கு அடுத்தவர் பேச்சை இடைமறிக்காமல் இருப்பது கடினமாக இருந்தது. எங்கள் குழுவில் மிகச் சிறந்த பதிவுகளைக் கொண்டுவந்தவர், வகுப்பில் வாயே திறக்காத மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்.

சொந்த ஊர்க்காரரை அதே ஊருக்கு அனுப்பினால் பேச்சு எளிதாகத் தொடங்கும். ஆனால் பங்காளிச் சண்டை, ஏலம், வாய்க்கால் தகராறு என்று வரும்போது பேச்சு நின்றுவிடும். முற்றிலும் வெளியாளை அனுப்பினால் கண்மாயின் உபரி நீர் வெளியேறும் ‘கலுங்கு’ என்றால் என்னவென்று கேட்டு நேரத்தைக் கழிப்பார். பக்கத்து ஊர்க்காரரை அனுப்புவதே எங்களுக்குக் கைகொடுத்தது. இருவர் இருவராக அனுப்புங்கள்; ஒருவர் கேட்பார், மற்றவர் என்ன செய்வார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 18 வயதுக்குட்பட்டவர்களைத் தன்னார்வலராகவும் சேர்க்க வேண்டாம், நேர்காணலும் செய்ய வேண்டாம்.

4. வினா நிரலைப் பேசுகிற தமிழில் எழுதுங்கள்

எங்கள் முதல் வினாத்தாளில் 34 கேள்விகள் இருந்தன. “தங்கள் பகுதியின் நீர் மேலாண்மை குறித்துத் தங்கள் கருத்து யாது?” என்பது அதில் ஒன்று. அதைக் கேட்டவர்கள் அனைவரும், “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இரண்டாம் முறை எட்டே கேள்விகள் வைத்தோம். அவற்றில் முதல் கேள்வி இது: “நீங்க வாக்கப்பட்டு வந்த புதுசுல, குடிக்கிற தண்ணிக்கு எங்கிட்டுப் போவீங்க?” இந்த ஒரு கேள்விக்கு இருபது நிமிடம் பேசியவர்கள் உண்டு.

கேள்வியை எழுதியதும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அப்படியே கேட்க முடியுமென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள், முடியாதென்றால் எடுத்துவிடுங்கள். ‘முன்பு கண்மாய் நன்றாகத்தானே இருந்தது?’ என்பது போலப் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டாதீர்கள். மரியாதைக்காகவே “ஆமா” என்பார்கள். ஆம், இல்லை என்று முடியக்கூடிய கேள்விகளைத் தவிர்த்து, ஒரு நாளைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றியும் கேளுங்கள். மடையை யார் திறந்துவிடுவார்கள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்கு என்ன கொடுத்தீர்கள், வரத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டபோது முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்பவை போன்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வரும்.

ஆண்டுகளைக் கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். அதற்கென ஒரு நிகழ்ச்சிக் காலண்டரைத் தயாரித்து, வினா நிரலின் பின்பக்கத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்: தனுஷ்கோடிப் புயல் 1964, இந்திரா காந்தி மறைவு 1984, எம்.ஜி.ஆர். மறைவு 1987, சுனாமி 2004, பழைய நோட்டுச் செல்லாமல் போனது 2016, கரோனா ஊரடங்கு 2020. “எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டால் நினைவு தெளிந்து வரும். ஊர்க் கோயில் குடமுழுக்கு, ஊருக்கு மின்விளக்கு வந்தது போன்ற உள்ளூர் நிகழ்ச்சிகளை அந்தந்த ஊரில் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. பயிற்சி: மூன்று ஞாயிறுகள்

முதல் ஞாயிறு நான்கு மணி நேரம். நோக்கம், ஒப்புதல், இரகசியம் ஆகியவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுவதும் மூவர் மூவராக உட்காரச் செய்யுங்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனித்து, எங்கே இடைமறித்தார், எங்கே பதிலை எடுத்துக்கொடுத்தார் என்று குறித்துக்கொள்வார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பார்க்காத எவரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். தன் வீட்டு விஷயத்தை ஒரு கருவியின் முன் சொல்வது எவ்வளவு கூச்சம் தருகிறது என்பது அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

முதல் ஞாயிறுக்கும் இரண்டாம் ஞாயிறுக்கும் இடையில், ஒவ்வொருவரும் தம் உறவினர் ஒருவரை அரை மணி நேரம் பேட்டி கண்டு பதிவோடு வர வேண்டும். இரண்டாம் ஞாயிறு முழுவதும் அந்தப் பதிவுகளைக் கூட உட்கார்ந்து கேட்பது மட்டுமே வேலை. பதிவை வகுப்பில் ஒலிக்கச் செய்ய அந்த உறவினரிடம் முன்கூட்டியே இசைவு பெற்றிருக்க வேண்டும். ஒருவர் தன் குரலைத் தானே கேட்டால்தான், தான் எத்தனை முறை குறுக்கே விழுந்தோம் என்பதை உணர்கிறார். வேறெந்த வகுப்பும் இதற்கு ஈடாகவில்லை.

எங்களுடைய தொடக்கப் பதிவு ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அப்பத்தா, “அந்தத் தடவ கண்மா ஒடஞ்சப்ப…” என்று தொடங்கி நிறுத்தினார். பதிவில் மூன்று நொடி அமைதி. உடனே எங்கள் மாணவர், “சரிங்க பாட்டி, இப்ப குடிதண்ணி எங்கேருந்து வருது?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பயிற்சிக்குப் பிறகு அதே மாணவர், அதே அப்பத்தாவிடம், அதே இடத்துக்குப் பேச்சு வந்தபோது மனத்துக்குள் ஏழு வரை எண்ணிக் காத்திருந்தார். அப்பத்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றிரவு நெல் சேமிக்கும் குலுக்கையிலிருந்த விதைநெல் முழுவதும் நனைந்து போனதையும், மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றதையும், அண்ணன் மனைவி ஒரு மரக்கால் நெல்லை அளந்து போட்டபோது குவித்துப் போடாமல் தலை தட்டி அளந்ததையும் பதினொரு நிமிடம் சொன்னார். கண்மாய் உடைந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி எங்கள் 60 பதிவுகளிலும் இதற்கு நிகரான செய்தி வேறில்லை.

அன்று முதல் ‘ஏழு எண்ணுதல்’ எங்கள் பயிற்சியில் தனிப் பாடமாயிற்று. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், குனிந்து எழுதாமல், முகத்தைப் பார்த்தபடி, மனத்துக்குள் ஏழு வரை எண்ண வேண்டும். அதன் பிறகும் பேச்சு வராவிட்டால், அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே மெல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை ஐம்பது முறையாவது பழக்குங்கள்.

மூன்றாம் ஞாயிறு களத்தில். அனுபவமுள்ள ஒருவர் உடன் செல்ல, ஒவ்வொருவரும் ஒரு முழு நேர்காணலை எடுக்க வேண்டும். அதைக் கேட்டபின், தயாராக இல்லாதவர்களிடம் அதைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். எழுத்தாக்கம், குறிப்பெடுத்தல் போன்ற வேலைகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். எங்கள் 14 பேரில் மூவருக்கு அப்படிச் சொன்னோம், ஒருவர்கூட விலகவில்லை.

6. ஒப்புதல் பெறுதல்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கைநாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். மை தடவிய பெட்டியோடு போன எங்கள் தன்னார்வலர் ஒருவரை, வீட்டுக்காரரின் மகன் வயலிலிருந்து ஓடிவந்து வெளியே போகச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்காதீர்கள். தகவல் தாளை நிறுத்தி நிதானமாகப் பேச்சுத் தமிழில் சொல்லி, அவர் சம்மதிப்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் பதிவு செய்யுங்கள். உடன் வந்தவர் சாட்சியாகப் படிவத்தில் கையெழுத்திடட்டும். அறநெறிக் குழு வழியாகச் செய்கிறீர்கள் என்றால், இந்த வாய்மொழி ஒப்புதல் முறையைக் குழுவிடம் முன்னதாகவே எழுதிக் கொடுத்து ஏற்பு வாங்கிவிடுங்கள்.

நாங்கள் பழக்கிய வாசகம் இது: “அம்மா, நாங்க கவர்மெண்டு ஆளுக இல்ல, கட்சி ஆளுகளும் இல்ல. எங்களால பணமோ வீடோ வாங்கித் தர முடியாது. ஒங்க ஊருத் தண்ணியப் பத்தி நீங்க சொல்றதக் கேட்டு எழுதி வைக்க வந்திருக்கோம். ஒரு மணி நேரம் ஆகும். இந்தப் போன்ல ஒங்க பேச்சப் பதிவு பண்ணுவோம். வேணாம்னு தோணுனா எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம், நாளைக்குக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாலும் அழிச்சிருவோம்.” ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி; சட்டம் இல்லாவிட்டாலும் அதுவே முறை.

‘யாரிடமும் எதையும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி எவருக்கும் உள்ள கடமை. ஆகவே, “ஒரு பிள்ளைக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும், மத்தபடி ஒங்க பேர் வெளிய வராது” என்று சொல்லப் பழக்குங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 181 மகளிர் உதவி எண், 14416 மனநல ஆலோசனை எண் ஆகியவற்றை அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிட்டுவிடுங்கள். துயரமான கதையைக் கேட்டு வரும் தன்னார்வலருக்கும் கடைசி எண் தேவைப்படலாம். அன்று மாலையே பொறுப்பாளர் அவரோடு பத்து நிமிடமாவது பேச வேண்டும்.

7. வீட்டு வாசலிலிருந்து உள்ளே

நிச்சயம் எதிர்ப்படும் ஒரு கேள்விக்குத் தன்னார்வலர்களை முன்பே தயார் செய்யுங்கள். “நீங்க என்ன ஆளுக தம்பி?” என்று பத்தில் ஏழு வீட்டிலாவது கேட்பார்கள். பொய் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அதன்பின் வரும் ஒவ்வொரு பதிலும் அதற்கேற்ப வளையும். கண்மாய்த் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போனது, ஊருணியில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதெல்லாம் சாதியோடு பின்னிக் கிடக்கும் செய்திகள். “பல ஊரு, பல ஆளுக சேந்து செய்யற வேலைங்கய்யா இது” என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே முதல் கேள்விக்குப் போகப் பழக்கினோம். திரும்பத் திரும்ப வற்புறுத்தினால், சொல்ல விரும்பவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிவிடலாம். வகுப்பிலேயே இதை நடித்துப் பழகாவிட்டால், மாணவர்கள் அந்த இடத்தில் தடுமாறிப் போகிறார்கள்.

எந்தத் தெருவாக இருந்தாலும், வயதில் மூத்தவரை “வாங்க, போங்க” என்றே பேச வேண்டும். காலனித் தெருவில் மட்டும் ஒருமை நாக்கில் வந்துவிடும் பழக்கம் நம் பிள்ளைகள் சிலரிடம், அவர்கள் அறியாமலேயே இருக்கிறது. ஒலிப்பதிவில் அது அப்படியே கேட்கும். அம்மா, அய்யா, அப்பத்தா, அண்ணே, மதினி என்று ஊர் வழக்கப்படி முறை சொல்லி அழைக்கலாம். கொடுக்கும் தண்ணீரையும் காப்பியையும் வாங்கிக் குடியுங்கள். அவர்கள் சொம்பை நீட்டும்போது உங்கள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தால், அதன் பொருள் அந்த வீட்டுக்கு நன்றாகவே தெரியும். பிறகு என்ன கேட்டாலும் பதில் வராது.

ஊர் மரபுத் தலைவரான அம்பலகாரரையும் ஊராட்சித் தலைவரையும் முதலில் பார்த்து மரியாதை சொல்லுங்கள். ஆனால் முதல் நேர்காணலை அங்கே எடுக்காதீர்கள். எல்லாத் தெருவிலும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

தனி நேர்காணல் என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், திண்ணையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் மாமியார், மகன், பக்கத்து வீட்டுக்காரர், நான்கு பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவார்கள். மருமகள் பேசத் தொடங்கியதும், “அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்று ஒருவர் தொடங்குவார். அவரை அடக்க முயல வேண்டாம். உடன் வந்த இரண்டாவது ஆள் அங்கேதான் பயன்படுவார். “அய்யா, நீங்க வெவரமாச் சொல்லுவீங்க போல, இங்கிட்டு வாங்க, நான் தனியா எழுதிக்கிறேன்” என்று அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், உண்மையாகவே அவர் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெண்களிடம் பேச, அவர்கள் பூக் கட்டும் நேரமும் கொல்லைப்புறத் திண்ணையும் எங்களுக்கு உதவின. பெண்ணிடம் பெண்ணே பேசட்டும். இருட்டுவதற்குள் தன்னார்வலர்கள் பேருந்து ஏறியிருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு நேர்காணல் போதும். இரண்டாவது நேர்காணலில் காது சோர்ந்துவிடுகிறது.

8. ஒலிப்பதிவு

விலையுயர்ந்த கருவி தேவையில்லை, கைபேசியே போதும். ஆனால் பதிவைத் தொடங்குமுன் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும், நின்றது தெரியவும் தெரியாது. எங்கள் ஒன்பது வீண் பதிவுகளில் நான்கு இப்படிப் போனவை. கைபேசியை எவர்சில்வர் தட்டின் மீதோ மேசை மீதோ வைக்காமல், மடித்த துண்டின் மீது வையுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தால் திண்ணைக்கு வந்துவிடுங்கள். கோயில் விழா நடக்கும் நாளில் குழாய் ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும், போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒலித்துப் பார்த்து, அவருக்கும் அதைக் கேட்கக் கொடுங்கள். தன் குரலைக் கேட்டதும் முகம் மலரும், கருவியின் மீதான அச்சமும் குறையும்.

9. பதிவைப் பாதுகாத்தல்

பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும், பொறுப்பாளருக்குக்கூட, அனுப்பக் கூடாது. கைபேசியில் தானாகவே இணையத்தில் சேமிக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். அன்று மாலையே பொறுப்பாளரின் கணினிக்கு வடம் வழியாக மாற்றி, கடவுச்சொல் இட்ட இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுத்து, இரண்டும் ஒலிக்கின்றனவா என்று பார்த்த பிறகு கைபேசியில் இருப்பதை அழிக்க வேண்டும். கோப்புக்குப் பெயருக்குப் பதில் ‘ஊர் 2, பெண், 14’ என்பது போலக் குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யாருடையது என்ற குறிப்பேடு பொறுப்பாளரின் பூட்டிய பெட்டியில் மட்டும் இருக்கட்டும்.

பெயரை நீக்கினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். ‘மூன்றாம் மடை நீர்ப்பாய்ச்சியின் மனைவி’ என்று எழுதினால், அந்த ஊரில் அது பெயரைச் சொன்னதற்குச் சமம்.

10. எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும். பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். “அங்கிட்டு”, “வந்தாக” என்பவற்றை ‘அங்கே’, ‘வந்தார்கள்’ என்று மாற்றினால் பேசியவர் காணாமல் போய்விடுவார். அமைதி, சிரிப்பு, அழுகை ஆகியவற்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் மேலூர்ப் பேச்சில் தடுமாறின. தவிர, அவற்றில் பதிவை ஏற்றுவது அதை மூன்றாம் கைக்குக் கொடுப்பதாகும். நேர்காணல் எடுத்தவரே மூன்று நாளுக்குள் எழுதுவது நல்லது.

11. செலவு

14 பேருக்கு எங்களுக்கு ஆன செலவு: மூன்று ஞாயிறுகளுக்குச் சாப்பாடும் தேநீரும் 5,100 ரூபாய், அடையாள அட்டைகள் 700, நகல்கள் 900, பேருந்தும் ஆட்டோவும் 4,350, கைபேசி ரீசார்ஜ் 2,800, சட்டையில் செருகும் ஒலிவாங்கிகள் நான்கு 1,800, வன்தட்டு 3,500, வெளியே கொடுத்த எழுத்தாக்கம் 6,000. மொத்தம் 25,150 ரூபாய். இடத்துக்கு ஒரு பள்ளியின் வகுப்பறை கிடைத்ததால் வாடகை இல்லை. சாதாரண நகரப் பேருந்து போகும் ஊர்களுக்குப் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக்குவரத்துச் செலவு ஓரளவு குறைந்தது. பேருந்து இறங்கி உள்ளே போகும் ஆட்டோச் செலவுதான் நாங்கள் எதிர்பாராதது. தன்னார்வலர் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். வசதியில்லாத மாணவர் சொல்லத் தயங்கி, வருவதையே நிறுத்திவிடுவார். வாரத் தொடக்கத்திலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

பேசியவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. பேச்சு முடிந்து கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தோம். அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

12. திரும்பப் போதல்

நேர்காணல் எடுத்த ஒரு மாதத்துக்குள், எழுதிய தாளோடு அதே வீட்டுக்கு அதே தன்னார்வலர் போக வேண்டும். இதற்கெனத் தனியே இரண்டு வாரத்தை ஒதுக்குங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, எடுக்க வேண்டியது ஏதாவது உண்டா, மாற்ற வேண்டியது உண்டா என்று கேளுங்கள். விதைநெல்லைப் பற்றிச் சொன்ன அப்பத்தா முழுவதையும் கேட்டுவிட்டு, அண்ணன் மனைவி தலை தட்டி அளந்தார் என்ற வரியை எடுக்கச் சொன்னார். “அவளும் போய்ச் சேந்துட்டா, பாவம்” என்றார். எடுத்துவிட்டோம். பிறகு நான் இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோது, ஊர்ப் பெயரும் தன் பெயரும் இல்லாமல் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். வேறொரு பெரியவர், நாங்கள் மடையின் பெயரைத் தவறாக எழுதியிருந்ததைத் திருத்தி, அது எந்த வயலுக்குப் பாயும் என்பதைத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இத்தகைய திருத்தங்களைத் தாளின் ஓரத்தில் அன்றைய தேதியோடு எழுதி, பழைய வரியின் மீது ஒரு கோடு மட்டும் இழுத்து, கோப்பிலும் அன்று மாலையே மாற்றிவிடுங்கள்.